கம்பியை வெட்டும் முன் ஃப்ரீவீலைக் கழற்றுக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய மிதிவண்டிகளைத் தேடி வாங்கிச் சீர்செய்து ஓட்டுபவர்களுள் நானும் ஒருவன். அவற்றின் பின்சக்கரத்தைப் பழுதுபார்க்கும்போது கடைகளில் நேரும் ஒரு தவற்றைக் கடைக்காரர்களும் வண்டி வைத்திருப்பவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, 1980களில் ஜப்பானில் செய்யப்பட்ட சன்டூர் நிறுவனத்தின் சீல்டு பேரிங் ஹப் (மூடிய பேரிங் கொண்ட நடுக்கட்டை) பூட்டிய பின்சக்கரம் ஒன்று என்னிடம் வந்தது. ரிம் நெளிந்திருந்ததால் அதை மட்டும் மாற்றித் தரும்படி ஒரு கடையில் கொடுத்துவிட்டு மாலையில் போனபோது, போக்ஸ் கம்பிகள் அனைத்தையும் வெட்டிவிட்டு, ஃப்ரீவீல் (செயின் ஓடும் பின்பல்சக்கரம்) பூட்டியபடியே இருந்த வெறும் ஹப்பை என் முன் வைத்தார்கள். ஃப்ரீவீல் கழலவில்லை என்பதால் உளியை வைத்துத் தட்டியும் பார்த்திருக்கிறார்கள். கருவி பொருந்த வேண்டிய இரண்டு வெட்டுகளில் ஒன்று சிதைந்துபோயிருந்தது.

ஃப்ரீவீல் ஹப்பின்மேல் வலப்புற மரையில், அதாவது கடிகாரத் திசையில் திருப்பினால் இறுகும் மரையில், ஏறுவது. மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இறுகிய மரையைத் தளர்த்த வேண்டிய நெம்புவிசையைத் தருவது ரிம்தான். கம்பியை வெட்டிவிட்டால், கையளவே உள்ள அலுமினிய ஹப்பை எங்கே பிடிப்பது? வைஸில் (மேசையில் பூட்டிய இரும்புக் கவ்வியில்) வைத்து இறுக்கினால் கம்பி கோக்கும் விளிம்பு நசுங்கிவிடும். முழுச் சக்கரமாக இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஃப்ரீவீலுக்குரிய கருவியை வெட்டில் பொருத்தி, அது நழுவாதபடி அச்சின் நட்டை மேலே மெல்லப் பூட்டி, கருவியை வைஸில் கவ்வவிட்டு, ரிம்மை இரு கைகளாலும் பற்றி மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் போதும். மரை இளகியதும் நட்டை உடனே தளர்த்திவிட வேண்டும். இல்லையேல் வெளியே வரும் ஃப்ரீவீல் நட்டின்மேல் முட்டி அச்சையே முறித்துவிடும்.

கருவி எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல என்பதுதான் சிக்கல். சன்டூரின் பழைய ஃப்ரீவீலுக்கு இரண்டு பல், பின்னர் வந்ததற்கு நான்கு பல், ஷிமானோவுக்குப் பன்னிரண்டு உள்வரிகள், பிரான்சின் ஆட்டம் (Atom) நிறுவனத்தினுடையது போன்றவற்றுக்கு இருபது. மரையின் விட்டத்திலும் வேறுபாடு உண்டு: ஆங்கில அளவு 34.8 மி.மீ., பிரெஞ்சு அளவு 34.7 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஒன்றின்மேல் மற்றொன்றை வலிந்து ஏற்றினால் ஹப்பின் மரை போய்விடும். ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பி ஒன்று அறுந்தாலே அதைக் கழற்ற வேண்டியிருப்பதை எண்ணி, பிரான்சின் மாக்ஸி-கார் ஹப்பில் கம்பியின் தலை நுழையுமாறு சாவித்துளை வடிவில் துளையிட்டிருந்தார்கள். அந்த அறிவு ஏனோ பிற ஹப்புகளுக்குப் பரவலாகப் போய்ச் சேரவில்லை.

வெட்டுகள் சிதைந்த என் ஃப்ரீவீலை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. இரண்டு துளைகள் கொண்ட அதன் மேல்மூடி இடப்புற மரையில் இருப்பதால் கடிகாரத் திசையில் தட்டிக் கழற்ற வேண்டும். உள்ளிருந்து சிறு குண்டுகள் கொட்டும் என்பதால் கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது. பிறகு எஞ்சிய உட்கட்டையை வைஸில் கவ்வ வைத்து, ஒரு பழைய ரிம்மில் தற்காலிகமாகக் கம்பி கோத்துத் திருப்பினேன். வெட்டி எறிந்த கம்பிகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

பேரிங்கைப் பொறுத்தவரை கோவையில் இருப்பவர்களுக்குக் கவலையே வேண்டாம். கோன், கப் கொண்ட சாதாரண ஹப்பைப் போல் சீல்டு பேரிங் ஹப்பை இறுக்கித் தளர்த்தி ஓவராயிலிங் செய்ய முடியாது. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால், பேரிங்கின்மேல் பொறித்த எண்ணைச் சொன்னால் பம்ப் மோட்டார் உதிரிக் கடையிலேயே கிடைக்கும். பழையதன் எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: 6001, 6201 இரண்டின் உள்விட்டமும் 12 மி.மீ.தான், வெளிவிட்டமோ முன்னதற்கு 28, பின்னதற்கு 32. ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்தம் தர வேண்டும்; உள்வளையத்தில் தட்டினால் அடி குண்டுகளின் வழியாகப் பாய்ந்து அவை ஓடும் பாதையில் குழி விழும். கழற்றும்போது அந்த அடியைத் தவிர்ப்பது அரிது. ஆகவே, கழற்றிய பேரிங்கை மறுபடி போடாமலிருப்பதே நல்லது. தேய்மானம் இல்லாமல் கிரீஸ் மட்டும் காய்ந்திருந்தால் பேரிங்கைக் கழற்றத் தேவையே இல்லை: ரப்பர் மூடியை மெல்லிய பிளேடால் உள்விளிம்பிலிருந்து நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புதுக் கிரீஸ் வைத்து மூடலாம். நிறைய வைத்தால் நல்லது என்று நினைத்து அடைப்பவர்கள், சக்கரம் இறுக்கமாகச் சுழல்வதைப் பிறகுதான் காண்பார்கள்.

எங்கள் பகுதி லேத் பட்டறை ஒன்றில், கடினப்படுத்திய எஃகில் இரண்டு பல் கருவி ஒன்றைச் செய்துவாங்கியிருக்கிறேன். பட்டறைகள் நிறைந்த இந்த ஊரில், நாலைந்து சைக்கிள் கடைக்காரர்கள் சேர்ந்து எல்லா வகைக் கருவியும் கொண்ட ஒரு செட்டைப் பொதுவாக வைத்துக்கொள்வது கடினமல்ல. அதுவரை, என் கருவியைக் கேட்கும் கடைக்காரருக்கு ஒரு நாள் இரவல் தர எனக்குத் தடையில்லை. கம்பி வெட்டப்படாத சக்கரத்தோடு வந்தால் போதும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.