படிப்பகச் சங்கத்தின் 2025-26ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூல் வாங்குதல், நாளிதழ்ச் சந்தா, கட்டடப் பராமரிப்பு ஆகியவை சென்ற ஆண்டைப் போலவே நடைபெற்றன. அவற்றின் விவரம் பொருளாளரின் அறிக்கையில் உள்ளது. இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கணினி அறை என்பதால், அதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுபோகும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. நம்மிடமுள்ள ஏழு கணினிகளில் ஒன்றுகூட அந்த வரையறைக்குள் வரவில்லை. அவை பழுதாகிவிடவில்லை, விசைப்பலகையும் திரையும் நன்றாகவே இருந்தன. தேர்வாணைய விண்ணப்பங்களுக்காக நாள்தோறும் பிள்ளைகள் வந்து உட்காரும் அந்தக் கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்ப செயற்குழுவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே, ஆகஸ்ட் மாதச் செயற்குழுவில், யாரும் தடையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறுவதென ஒருமனதாக முடிவெடுத்தோம்.

லினக்ஸ் வகைகள் பலவிருக்க மின்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அயர்லாந்தில் வாழும் பிரெஞ்சுக்காரரான கிளெமென்ட் லெஃபெவ்ர் 2006இல் இதைத் தொடங்கினார். 2011இல் வெளிவந்த க்னோம் 3 மேசைத்தளம் (திரையில் நாம் காணும் பட்டி, மெனு, சாளரங்களின் அமைப்பு), மக்களுக்குப் பழகிப்போன பட்டியையும் மெனுவையும் விட்டுவிட்டுப் புதிய வடிவம் எடுத்தபோது, மின்ட் குழுவினர் பழகிய அமைப்பையே காப்பாற்ற எண்ணி, சின்னமன் என்னும் மேசைத்தளத்தைத் தாமே உருவாக்கினார்கள். கீழே பட்டி, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால், நம் மூத்த உறுப்பினர்களுக்குப் புதிதாக ஒன்றையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எளிமை என்று நான் மதிப்பது இதைத்தான். உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை மேம்பாடுகள் வரும்.

செப்டம்பரில் நிறுவும் பணி நடந்தது. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் விஷமிகள் நுழைந்து, பதிவிறக்க இணைப்பைக் கெடுக்கப்பட்ட கோப்புக்குத் திருப்பிவிட்ட நிகழ்வை மனத்தில் கொண்டு, இறக்கிய கோப்பு மாற்றப்படாதது என்பதைக் காட்டும் சரிபார்ப்புத் தொகையையும் மின்னணுக் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பென் டிரைவில் ஏற்றினோம். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடிவது இதிலுள்ள பெரிய வசதி. ஒலி, அச்சுப்பொறி, கம்பியில்லா இணைப்பு எல்லாவற்றையும் வன்தட்டைத் தொடாமலேயே சோதித்தோம். ஒரு கணினியில் மட்டும் கம்பியில்லா இணைப்பு கிடைக்காததால் அதற்குக் கம்பி இழுத்திருக்கிறோம். நினைவகம் குறைந்த இரண்டு கணினிகளில் சின்னமனுக்குப் பதில் இன்னும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டோம். பழைய வன்தட்டுகளை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தியது மட்டுமே இதில் நமக்கான செலவு.

உண்மையான சிரமம் தமிழில்தான் இருந்தது. சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லே அரைப்புள்ளியில் முடியும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும்; ஆனால் தேடவும் முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. எனவே அக்குறிப்புகள் முழுவதையும், ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுக் குறியீடு தரும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றத் தொடங்கினோம். மாற்றும் மென்பொருள் தவறவிட்ட இடங்களை மூன்று உறுப்பினர்கள் மாலைதோறும் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினார்கள். அவர்களின் பொறுமைக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் இடையிலுள்ள புள்ளி தானாகவே விழுந்து 'அம்மா' வந்து நிற்பதைக் கண்ட மாணவர்கள் இரண்டே வாரத்தில் அதற்குப் பழகிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் தட்டச்சுப் பொறியில் பழகிய நம் மூத்த உறுப்பினர் ஐயா அவர்களுக்காகப் பழைய தட்டச்சு முறையையும் ஒரு கணினியில் சேர்த்துக் கொடுத்தோம். இந்த அறிக்கையை அதில்தான் அவர் தட்டச்சு செய்து தந்தார்.

டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறையில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. மாணவர் ஒருவர் வேண்டாததென்று எண்ணிப் பைத்தான் என்னும் நிரல்மொழித் தொகுப்பை நீக்க, அதைச் சார்ந்திருந்த கருவிகளும் உடன் நீங்கி, மேசைத்தளம் வராமல் கறுப்புத் திரை மட்டும் நின்றது. இயங்குதளத்தின் நிலையை அவ்வப்போது பதிவு செய்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை நிறுவிய அன்றே இயக்கி வைத்திருந்ததால், பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி முந்தைய நாள் பதிவுக்குத் திருப்ப முடிந்தது. தம்பி அழும் நிலையில் இருந்தார். கணினி மீண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனார். நிர்வாகக் கடவுச்சொல்லை அவர் கையில் கொடுத்திருந்தது என் பிழை. இப்போது வாசகர்களுக்கு அவ்வதிகாரம் இல்லாத தனிக்கணக்கு உண்டு. டைம்ஷிஃப்ட் வழக்கமான அமைப்பில் இயங்குதளத்தை மட்டுமே காக்கும், நம் கோப்புகளைக் காக்காது என்பதால், ஆவணங்களை வாரந்தோறும் வெளித்தட்டில் நகலெடுத்து வருகிறோம்.

எல்லாம் நிறைவேறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். தணிக்கையாளர் கேட்கும் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், ஏழில் ஒரு கணினியை இணையத் தொடர்பின்றி அப்படியே வைத்திருக்கிறோம். லிப்ரே ஆஃபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளில் திறக்கும் வேர்டு கோப்புகள் சில வேளை வரி மாறிவிடுகின்றன. அச்சுக்குப் போகுமுன் பிடிஎஃப் ஆக்கிவிடுவதே வழக்கமாகியுள்ளது. மெனுக்களில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வருவது எனக்கு மிகுந்த மனக்குறை. அந்தத் தமிழாக்கத்தை யாரோ செய்வார்கள் என்று காத்திராமல், ஆர்வமுள்ள உறுப்பினர்கள் ஞாயிறு மாலைகளில் கூடி லாஞ்ச்பேட் என்னும் இணையதளத்தில் மொழிபெயர்ப்புகளைச் சேர்க்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன்.

மின்ட்டை நாம் விலை கொடுத்து வாங்கவில்லை. அதை உருவாக்குவோர் நன்கொடைகளையும் புரவலர்களையும் நம்பியே பணிபுரிகின்றனர். ஆகவே வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு சிறு நன்கொடை ஒதுக்கவும், மீதமுள்ள குறிப்பேடுகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைத் தொடரவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இவண்,
செயலாளர்