வரிப் பட்டியல் போதும், எல்லைக் கவுண்டரைப் பாருங்கள்

அக்ராவிலுள்ள ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகப் பகுதிச் செயலகத்துக்கும் உறுப்பு நாடுகளின் சுங்கத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2021 ஜனவரி 1 முதல் வர்த்தகம் தொடங்கியதாக அறிவித்தீர்கள். 90 சதவீதப் பொருள் இனங்களுக்குப் படிப்படியாக வரி நீங்கும் என்றீர்கள். பேச்சுவார்த்தையெல்லாம் அந்தச் சதவீதங்களிலேயே போகிறது. சரக்கு நிற்பதோ வேறிடத்தில்.

சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டி வரிச் சலுகை பெற்றுத்தரும் பிறப்பிடச் சான்றிதழையே பாருங்கள். அதிலுள்ள முத்திரையையும் கையெழுத்தையும், முன்கூட்டியே அனுப்பப்பட்ட மாதிரியோடு இறக்குமதி நாட்டு அதிகாரி ஒப்பிடுவார். கையெழுத்திடுபவர் மாற்றலாகிப் போய், புதியவரின் மாதிரி எல்லைக்கு வந்து சேராவிட்டால், அசல் சான்றும் செல்லாது. ஏற்றுமதியாளர் ஓர் ஆறிலக்க எச்.எஸ். எண்ணை (பொருளை வகைப்படுத்தும் சர்வதேச எண்) போட, மறுபக்கத்துச் சுங்கம் வேறு எண்ணில் வகைப்படுத்தினாலும் அதே கதிதான். லாரிக்குக் காத்திருப்புக் கட்டணம் ஏறுகிறது. வியாபாரி முழு வரியையும் கட்டிவிட்டுப் போகிறார். சலுகையை யாரும் பயன்படுத்தவில்லை என்று பிறகு நீங்களே வருத்தப்படுகிறீர்கள்.

சாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் 2009-இல் திறந்த சிருண்டு ஒருமுனை நிலையத்தில், லாரி நுழையும் நாட்டின் பக்கம் மட்டும் நின்றால் போதும். இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இப்படிப்பட்ட எந்த நிலையத்திலும் விளைபொருளில் பூச்சி, நோய் இருக்கிறதா என்று பார்க்கும் தாவர நல அதிகாரி மட்டும் மாலையில் வீட்டுக்குப் போய்விட்டால், தக்காளி லாரிக்கு ஒருமுனை என்பது பெயர்ப்பலகையோடு சரி.

சிறு வியாபாரிகளின் பாடு இன்னும் மோசம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தையான கொமெசாவின் எளிய வர்த்தக முறையில், 2,000 டாலருக்கு மேற்படாத சரக்குக்கு எல்லையிலேயே எளிய சான்று வாங்கிக்கொள்ளலாம். பொருள் மட்டும் இரு நாடுகளின் பொதுப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள் கிடந்தால் யாருக்கு லாபம்? இந்த முறையில் சுங்க வரிதான் இல்லை. மதிப்புக்கூட்டு வரியும் தாவர நலச் சான்றும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாததால், மூட்டையோடு கவுண்டருக்கு வந்து ஏமாந்தவர் அடுத்த முறை கள்ளப் பாதையில் போகிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கையெழுத்து மாதிரிகளைப் பொதுவான மின்பதிவேட்டில் வையுங்கள். மாற்றல் உத்தரவு வரும் அன்றே அது திருத்தப்பட வேண்டும். எச்.எஸ். எண்ணைச் சரக்கு கிளம்பும் முன்பே உறுதிசெய்து எழுத்தில் கொடுங்கள். எல்லா ஆய்வுத் துறைகளுக்கும் சுங்கத்தின் வேலை நேரமே இருக்கட்டும். பொதுப் பட்டியலையும் கட்டணங்களையும் அந்தந்த எல்லையில் பேசும் மொழியில், ஸ்வாஹிலியோ நியாஞ்சாவோ, கவுண்டருக்கு வெளியே ஒட்டுங்கள். இவற்றில் எதற்கும் புதிய ஒப்பந்தம் வேண்டாம். உங்கள் சுற்றறிக்கையே போதும்.

இப்படிக்கு,
எல்லை வர்த்தக நடைமுறைகளைக் கவனித்துவருவோர்