விரட்டினால் போதுமா?

ஐயா,

மேம்பாலத்தின் அடியில் பகிரங்கமாகப் போதை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியதைப் பாராட்டிய தங்கள் தலையங்கம், அவ்வழியே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரின் அச்சத்தை நியாயமாகவே எடுத்துரைத்தது. ஆனால் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அது கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 'ஊசிப் பூங்கா' என்று பெயரெடுத்த பிளாட்ஸ்பிட்ஸ் பூங்கா 1992-இல் மூடப்பட்டதும், அந்தக் கூட்டம் அருகிலிருந்த, பயன்பாட்டில் இல்லாத லெட்டன் ரயில் நிலையத்துக்கு இடம்பெயர்ந்தது. 1995-இல் அந்த நிலையமும் மூடப்பட்டபோது அதே கதை தொடராமல் போனதற்கு, ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் மருந்தைக் கொடுக்கும் சிகிச்சையும், 1994-இல் தொடங்கிய, மருத்துவக் கண்காணிப்பில் ஹெராயினையே அளந்து கொடுக்கும் சிகிச்சையும் கைகொடுத்தன. இங்கும், மேம்பாலம் காலியான சில நாட்களிலேயே எங்கள் குடியிருப்பின் பின்புறச் சந்தில், மின்மாற்றிக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே ஊசிகள் கிடக்கத் தொடங்கின. அவற்றுள் ஒன்று துப்புரவுப் பணியாளர் ஒருவரின் கையுறையைத் துளைத்த பிறகே (அதுவரை யாருக்கும் அது தென்படவில்லை போலும்) புகார் எழுதப்பட்டது.

மேலும், சில வாரங்கள் அடைத்துவைக்கப்பட்டு வெளியே வருபவரின் உடல் போதைமருந்தின் பழைய அளவைத் தாங்காது என்பதால், அப்போதுதான் அளவு மீறி இறக்கும் அபாயம் மிகுதி. எனவே, இனி ஒவ்வொரு நடவடிக்கையின்போதும் அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்கக்கூடிய மருத்துவக் குழு உடன் செல்லவும், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைமருந்துகளின் மயக்கத்தை முறிக்கும் நலாக்ஸோன் மருந்தைக் காவலர்கள் கையில் வைத்திருக்கவும், சந்துகளில் ஊசி சேகரிப்புப் பெட்டிகள் பொருத்தப்படவும் நிர்வாகம் ஆணையிட வேண்டும்.