நம் படிப்பகத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக அறிக்கையின் நகல் ஒன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

செயற்குழு, கூட்டம் நடத்தத் தேவையான அளவு ஆள் (கோரம்) சேர்ந்த மாதங்களில் கூடியது. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் சிகிச்சை முகாம் நல்லபடியாக நடந்தது. கூரை ஒழுகலை அடைத்தோம், மறுபடியும் ஒழுகுகிறது.

தலைவர்களின் பிறந்தநாள் விழாக்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, சமத்துவ நாள் உறுதிமொழியைக் கைநீட்டிச் சொன்னோம். கூடத்தில் நிற்க இடமில்லை. அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அவர். அவர் படத்துக்கே நம்மவர்கள் சூடம் காட்டினார்கள். என் ஆட்சேபம் மினிட் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

அதே வாரம் ஓர் உறுப்பினர் என்னைத் தனியே அழைத்து, மாலை வகுப்பில் "காலனிப் பசங்களுக்கு" வேறு பாய் போட்டுவிடலாமே என்றார். பெயர் வேண்டாம். உறுதிமொழி எடுத்தபோது முன்வரிசையில் நின்றவர்தான். முடியாது என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை, சந்தாவும் வருவதில்லை.

இந்த மாலை வகுப்பை நான் எதற்காக இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்று சிலர் கேட்கிறார்கள். நம் தெருவில் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் வைக்க வசதியில்லாத வீடுகள் நிறைய. கல்லூரியில் படிக்கும் தங்கைகள் இருவர் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். கணக்கில் தொடர்ந்து தோற்றுவந்த ஒரு பெண் இந்தமுறை தேறியிருக்கிறாள். இரண்டு குழல்விளக்கில் ஒன்று எரிவதில்லை என்பதால், பிள்ளைகள் எரியும் விளக்கின் கீழ் ஒண்டிக்கொண்டு எழுதுகிறார்கள். ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளுக்கு, மூடிய பள்ளிகளைத் திறந்து மதிய உணவும் போட்ட காமராஜருக்கு ஆளுயர ரோஜா மாலை வாங்கினோம். அந்தப் பணத்தில் விளக்கை மாற்றி, பிள்ளைகளுக்குச் சில நாள் சுண்டலும் கொடுத்திருக்கலாம். மாலை மறுநாளே வாடிவிட்டது.

அக்டோபர் 2 காந்தியடிகள் பிறந்தநாள். காமராஜர் 1975இல் மறைந்ததும் அதே நாளில்தான் என்பதால் யார் படத்தை நடுவில் வைப்பது என்று பெரிய வாக்குவாதம். 1901 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் துடைப்பம் வாங்கித் தானே கழிப்பிடத்தைக் கழுவியவர் காந்தி. அதனால் அன்று நம் பின்கட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்யலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். கட்டைவிரல்கள் ஏராளமாக வந்தன. ஆளாக வந்தது நூல்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மட்டும்தான். டாஸ்மாக் மூடியிருந்த நாள், வேறு வேலையும் இருந்திருக்காது. சரி, போகட்டும். குழுப்படம் எடுக்கும்போது எல்லோரும் வந்துவிட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பூ, பந்தல், ஒலிபெருக்கி வகையில் கொஞ்சம் கூடுதல். நூல் வாங்கிய வகையில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் பட்டியலைத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

இடம் தந்தவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பமில்லை. வேறு யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். யார் வந்தாலும் ஒரு விழாவுக்கு ஒரு முழம் பூ போதும் என்று தீர்மானம் போட்டுவிட்டு, மிச்சத்தை வகுப்புக்குத் திருப்பினால் நல்லது. தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். அப்புறம், ரசீதுப் புத்தகமும் என் பையில்தான் இருக்கிறது. தேநீர் முடியும்வரை வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்