டேங்க் முதலில் சொன்ன பேச்சைக் கேட்கட்டும்: புதிய போர் கேமைத் தயாரிப்பவர்களுக்கு சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தயாரிப்புக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கேமின் சோதனைப் பதிப்பை ஐந்து ரோடு, அழகாபுரம், சூரமங்கலம் பக்கத்து ஆட்டக்காரர்கள் ஆடிப் பார்த்த பிறகு எழுதும் மடல் இது. படம் பிரமாதம். மழை பெய்தால் சேற்றில் டேங்க் தடம் பதிகிறது, ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்த பள்ளம் ஆட்டம் முடியும் வரை அப்படியே கிடக்கிறது. இதையெல்லாம் பாராட்ட வேறு நிறையப் பேர் வருவார்கள். எங்கள் குறை ஒன்றுதான்: யூனிட்கள், அதாவது நாம் நகர்த்தும் டேங்க்கும் வீரர்களும், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

ஆற்றுப் பாலம் உள்ள மேப்பைத் திறந்து, எட்டு டேங்கைத் தேர்ந்தெடுத்து அக்கரையில் கிளிக் செய்யுங்கள். முதல் இரண்டு பாலம் ஏறும். மூன்றாவது, முன்னால் மெதுவாகப் போகும் டேங்கைச் சுவர் என்று எண்ணிக்கொண்டு வேறு வழி தேடும். வடக்கு மூலையில் இருக்கும் இன்னொரு பாலத்துக்கு, எதிரியின் பீரங்கி வரிசைக்கு முன்னால், தன்னந்தனியாகக் கிளம்பிவிடும். அதே நேரத்தில் அக்கரையிலிருந்து காலாட்படை பின்வாங்கினால், ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் எதிரெதிரே வந்து மாட்டிய இரண்டு பஸ்ஸின் நிலைதான்.

வழி தேடும் கணக்கு, நகரும் நம் யூனிட்டையும் நிற்கும் கட்டடத்தையும் ஒரே மாதிரி தடையாகப் பார்ப்பதுதான் இதற்குக் காரணமாகத் தெரிகிறது. கட்டடம், ஆறு, பாறை ஆகியவற்றை மட்டும் வைத்து வழி போடுங்கள். ஒன்றையொன்று இடிக்காமல் ஒதுங்குவதை அதற்கு மேல் தனி அடுக்காக வையுங்கள். சும்மா நிற்கும் யூனிட், நம் ஆள் வந்தால் விலகி வழிவிட்டு, பிறகு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பெரிய கூட்டம் ஒரே இலக்குக்குப் போகும்போது ஆளாளுக்குத் தனி வழி போடவே தேவையில்லை. நிலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் 'இலக்கு இந்தத் திசை' என்று ஒருமுறை குறித்துவிட்டால் அத்தனை யூனிட்டும் அதையே பின்பற்றும். 2010இல் வந்த சுப்ரீம் கமாண்டர் 2 என்ற போர் கேம் இந்த முறையில்தான் கூட்டத்தை நகர்த்தியது.

எதிரியைக் கண்டால் சுட்டபடியே முன்னேறச் சொல்லும் அட்டாக்-மூவ் கட்டளையிலும் இதே கோளாறு. வழியில் ஒரு காலி பங்கர் தெரிந்தால் மொத்தப் படையும் நின்று அதைச் சுடுகிறது, பக்கவாட்டில் இருந்து அடிக்கும் எதிரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் நம்மைச் சுடுபவன், அடுத்து ஆயுதம் உள்ள மற்றவன், கடைசியாகத்தான் ஆளில்லாத கட்டடம். வரிசையை இப்படி மாற்றினாலே பாதிப் புலம்பல் அடங்கிவிடும். ஒரே நேரத்தில் 24 யூனிட்தான் தேர்ந்தெடுக்கலாம் என்ற வரம்பும் வேண்டாம். 1994இல் வார்கிராஃப்ட் கேம் 4 பேரையும், 1998இல் ஸ்டார்கிராஃப்ட் கேம் 12 பேரையும்தான் தேர்ந்தெடுக்க விட்டன. அந்தக் காலக் கட்டுப்பாட்டை இன்று யாரும் சவாலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கவசம் பற்றியும் சொல்ல வேண்டும். டேங்க்கின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று தனித்தனிக் கவசம் வைத்தது நல்ல முடிவு. ஆனால் ஷெல் ஏன் தெறித்துப் போனது என்று திரையில் எங்கும் இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமில் 2022இல் சேர்ந்த திராவிடர்கள் என்ற அணிக்கு 'ஊட்ஸ் ஸ்டீல்' என்றொரு ஆராய்ச்சி உண்டு. காலாட்படை, குதிரைப்படைத் தாக்குதல் எதிரியின் கவசத்தைக் கணக்கில் எடுக்காது என்று ஒரே வரியில் விஷயம் புரிந்துவிடும். (கஞ்சமலை இரும்புத் தாதுவின் ஊர்க்காரர்களான எங்களுக்கு, எஃகின் பெயர் கொண்ட அதன்மேல் தனிப் பாசம் என்பது வேறு விஷயம்.) மேட்டு நிலமும் அப்படியே: அதே கேமில் மேலிருந்து அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், கீழிருந்து அடித்தால் 25 சதவீதம் குறைவு. உங்கள் மலை மேப்பில் சரிவு எங்கே முடிகிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி நெட்வொர்க். எல்லா பிசியும் ஒரே போரைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும் முறைதான் உங்களுடையதும். 1997இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், 28.8 கிலோபிட் மோடத்திலும் 8 பேர் ஆட வேண்டும் என்று இப்படித்தான் கட்டப்பட்டது. அதை எழுதியவர்கள் 2001இல் விளக்கியது இன்றும் பொருந்தும்: கட்டளைக்கும் அசைவுக்கும் இடையே 250 மில்லி செகண்ட் தாமதம் இருந்தால் ஆட்டக்காரர் கவனிப்பதே இல்லை, சீராக 500 இருந்தாலும் பழகிவிடுகிறார், 80க்கும் 500க்கும் இடையே தாவும்போதுதான் எரிச்சல். உங்கள் கேம் அந்தத் தாவலைத்தான் செய்கிறது. பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஒரு நொடிக்கு மட்டும் குறைந்தவுடனே தாமதத்தைக் குறைக்காதீர்கள். ஏற்றுவதை உடனே, இறக்குவதை மெதுவாகச் செய்யுங்கள். ஒரு பிசி திணறினால் எல்லோருக்கும் ஆட்டம் மெதுவாகும் முறை இது என்பதால், குறைந்த செட்டிங்கில் பள்ளம், புகை, தடம் மூன்றையும் அணைக்க வழி வேண்டும். கேமிங் சென்டரில் எல்லா பிசியும் ஒரே வயதில் இருக்காது.

பிசிக்கு பிசி கணக்கு பிசகினால் 'சிங்க் போய்விட்டது' (பிசிகள் ஒத்துப்போகவில்லை) என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவிடுகிறீர்கள். அந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு மான் இம்மியளவு இடம் மாறி நின்றதால் சில நிமிடம் கழித்து ஒருவன் ஈட்டி குறி தவறியதாக அதே குழு எழுதியிருக்கிறது; வேர் எப்போதும் அவ்வளவு சிறிதாகத்தான் இருக்கும். தசமக் கணக்கு வெவ்வேறு பிராசஸரில் கடைசி இலக்கத்தில் மாறக்கூடும் என்பதால், இடத்தையும் உயிர் அளவையும் முழு எண்ணில் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் போரின் நிலையிலிருந்து ஒவ்வொரு பிசியும் கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால் எந்த நொடியில் பிசகியது என்று உங்களுக்கே தெரியும்.

கோடை மழையோ ஆடிக் காற்றோ வந்தால் இங்கே கரண்ட் போகும். திரும்பி வந்தவர் முதல் நொடியிலிருந்து எல்லாக் கட்டளையையும் வேகமாக ஓட்டித்தான் சேர வேண்டும் என்றால், நாற்பது நிமிட ஆட்டத்தில் அது ஆகாத காரியம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போரின் நிலையைச் சேமித்து, அங்கிருந்து சேரவிடுங்கள். அதுவரை மற்றவர்களுக்கு ஆட்டம் நிற்கட்டும், அதிகபட்சம் மூன்று நிமிடம்.

தமிழ் மொழித் தேர்வு வைத்ததற்கு நன்றி. ஆனால் 'கொடி' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றினால் இது சரியாகாது. எழுத்துகளைக் கோக்கும் ஷேப்பிங் வசதி கேம் எஞ்சினில் இயங்க வேண்டும். பொத்தான்களையும் கொஞ்சம் அகலமாக்குங்கள், 'பின்வாங்கு' பாதியில் வெட்டுப்படுகிறது.

பாலத்துச் சிக்கல், சிங்க் பிசகு இரண்டின் ரீப்ளே கோப்புகளையும், ஆடிய பிசிகளின் விவரத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். அடுத்த பேட்ச்சில் பாலத்தை முதலில் பாருங்கள். பள்ளமும் புகையும் காத்திருக்கும்.

இப்படிக்கு,
சேலம் ஆட்டக்காரர்கள்