ஆர்மீனியன் தெருவுக்கு நாலு போர்டு வைங்க சார்

சென்னை மாநகராட்சி அதிகாரிகளுக்கு வணக்கம்.

பாரிமுனைல ஆர்மீனியன் தெரு இருக்குல்ல, அதாங்க அரண்மனைக்காரன் தெரு, செவ்வாக்கிழமையானா அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தியும் கையுமா ஜனம் நெரியுமே, அந்தத் தெருவப் பத்திதான் இந்த மடல். பெருசா ஒண்ணும் கேக்கல. பழைய கட்டடங்க வாசல்ல இது என்னன்னு தமிழ்ல ஒரு போர்டு வைங்க, அவ்ளோதான்.

அந்தக் கூட்டத்துல முக்காவாசிப் பேர் ஆர்மீனியன் சர்ச்சத் தாண்டித்தான் போவாங்க, உள்ள எட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. 1712ல கட்டி 1772ல திரும்பக் கட்டினது. மணிக்கூண்டு சர்ச்சோட ஒட்டாம தனியா நிக்கும், உள்ள ஆறு பெரிய மணி. கீழ நடக்குற எடத்துலயே தரையோட தரையா கல்லறைக் கல்லுங்க, ஆர்மீனிய எழுத்து செதுக்கினது, மிதிச்சிடுவோமோன்னு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கணும். அதே வளாகத்துலதான் ஹாருத்யுன் ஷ்மாவோன்யன்னு ஒரு பாதிரியார அடக்கம் பண்ணியிருக்காங்க. யாருன்னா, 1794ல இதே ஊர்ல உக்காந்துக்கிட்டு அஸ்தரார்னு ஒரு பத்திரிகை போட்டவரு, ஆர்மீனிய மொழியில உலகத்துலயே முத பத்திரிகை அதுதான்! ஆர்மீனியால இல்ல சார், நம்ம மெட்ராஸ்ல. வாசல்ல ரெண்டு வரி எழுதிப் போட்டா என்ன?

அந்த சமூகத்துக்காரரு இன்னொருத்தர், வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டைல இப்ப மறைமலையடிகள் பாலம் இருக்குற எடத்துல 1726ல மொத பாலம் கட்டினது அவரு கைக்காசு, பரங்கிமலைக்குப் படி கட்டினதும் அவருதான். தெனம் பாலத்துல டிராஃபிக்ல நிக்குறவன் யாருக்கு இது தெரியும் சொல்லுங்க.

அப்புறம் அதே ஆர்மீனியன் தெருவுல இருக்குற கோகலே ஹால். அன்னி பெசன்ட் அம்மா 1915ல இளைஞர்களுக்காகக் கட்டினது, ஹோம் ரூல், அதாவது நம்மள நாமே ஆளணும்ங்கிற பேச்சு சூடு பறந்த எடம், பின்னாடி கச்சேரியும் நடந்துச்சு. ஆனா ஒரு பகுதிய இடிச்சிட்டு அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு இழுத்த கதையெல்லாம் இருக்கு, அதையும் மறைக்காம போர்டுல போடுங்க.

ஒரே ஒரு விஷயம், போர்ட கொஞ்சம் ஒசரமா மாட்டுங்க. அந்தத் தெருவுல வண்டி நிக்காத செவுரே கிடையாது, கீழ வெச்சா பைக்கு மறைச்சிடும், இல்லன்னா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிடுவாங்க.