ஊருக்கு வரும்போது ரயில் இன்ஜின் வாங்கி வரும் உறவுகளுக்கு

பாரிசிலும் லியோனிலும் ரேயூனியனிலும் இருக்கும் எங்கள் புதுச்சேரி சொந்தங்களுக்கு வணக்கம்.

ஜூலை பிறந்தால் வகான்சுக்கு, அதாவது விடுமுறைக்கு, ஊர் வரத் தொடங்கிவிடுவீர்கள். அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஏதாவது இருக்கும் உங்கள் பெட்டியில். கொஞ்ச காலமாக அதில் குட்டி ரயில் இன்ஜினும் சேர்ந்திருக்கிறது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பலகை அடித்துத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகள் தங்கள் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். அவர்கள் சார்பில் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே பிள்ளைகளிடம் இருப்பது ஒரே ஒரு குமிழ் வைத்த சாதாரண டிரான்ஸ்ஃபார்மர். அதில் ஓடும் இன்ஜினாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.

போன வருடம் ஒரு பையன் தன் பெரியப்பா கொடுத்த இன்ஜினைக் கொண்டுவந்தான். அழகான டீசல் இன்ஜின், கைப்பிடிக் கம்பி வரை தனித்தனியாகச் செய்திருந்தார்கள். தண்டவாளத்தில் வைத்துக் குமிழைத் திருப்பினான். அசையவில்லை. பாதிக்கு மேல் திருப்பியதும் உள்ளிருந்து டீசல் சத்தம் வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினான். இன்ஜின் ஒரே துள்ளாகத் துள்ளிப் பாய்ந்து வளைவில் கவிழ்ந்தது. மெதுவாக ஓட்டலாமென்று குமிழைக் குறைத்தால் சத்தமும் நின்றது, இன்ஜினும் நின்றது. அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரியப்பா காசு குறைத்துக் கொடுத்தவர் இல்லை. கடையிலேயே விலை கூடின சாமானைத்தான் எடுத்திருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது? பழைய முறையில் வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்து, டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றி, 0 முதல் 12 வோல்ட் வரை தண்டவாளத்துக்கு அனுப்புகிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். குமிழைத் திருப்பத் திருப்ப வோல்ட் ஏறும், வேகமும் ஏறும். பிளஸ் மைனஸை மாற்றினால் இன்ஜின் பின்னால் போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மின்சாரம் என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

டிசிசி என்கிற டிஜிட்டல் முறை அப்படியில்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், வேகத்துக்கான கட்டளை அதனுடனேயே போகும். இன்ஜினுக்குள் உள்ள டீகோடர் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும். அந்த டீகோடர் விழித்துக்கொள்ளவே சில வோல்ட் தேவை. சத்தம் போடும் வகை ஏறக்குறைய 6 வோல்ட்டில் கண் திறக்கும், சக்கரம் அதற்கும் மேலே போனால்தான் சுற்றும். மிச்சமிருக்கும் கொஞ்சம் வோல்ட்டுக்குள்தான் மெதுவும் வேகமும் அடங்க வேண்டும். அந்தப் பையனின் இன்ஜின் துள்ளியது இதனால்தான். போதாக்குறைக்கு, பழைய டிரான்ஸ்ஃபார்மர் சிலவற்றில் சுமை இல்லாதபோது 12-ஐத் தாண்டி எங்கேயோ போகும், அதில் டீகோடர் வெந்துவிடவும் வாய்ப்பு உண்டு. டிஜிட்டல் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான கன்ட்ரோலரும் சேர்த்து வாங்கித் தருவதானால் நல்ல முறைதான். இன்ஜினை மட்டும் தந்தால் பிள்ளைக்குப் பாதி சாமான்தான் கிடைக்கிறது.

சரி, எதைக் கேட்டு வாங்குவது? ஒரே மாடலைப் பெரும்பாலும் இரண்டு விதமாக விற்பார்கள்: சத்தத்தோடு டிஜிட்டல், சத்தமில்லாமல் அனலாக், அதாவது மேலே சொன்ன பழைய முறை. நமக்கு இரண்டாவது. விலையும் குறைவு. அதற்குள் பிற்காலத்தில் டீகோடர் பொருத்த ஒரு சாக்கெட் இருக்கும், இப்போதைக்கு அதில் ஒரு டம்மி பிளக் செருகியிருக்கும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. பிள்ளை வளர்ந்து டிஜிட்டலுக்குப் போனால் அதே சாக்கெட்டில் டீகோடரைச் செருகிக்கொள்ளலாம்.

அளவு எச்ஓ, அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இங்குள்ள பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதுதான். 'என்' (N) என்கிற இன்னும் சிறிய அளவு இன்ஜின் 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடுவது, பார்க்க அழகாக இருந்தாலும் எங்கள் பலகையில் நிற்காது.

மெர்க்லின் பெயரைப் பார்த்து மயங்கி வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தரத்தில் குறை சொல்ல முடியாத கம்பெனி. ஆனால் அவர்களுடைய எச்ஓ இன்ஜின்கள் நடுவில் புள்ளிபுள்ளியாக மூன்றாவது தொடர்பு உள்ள பாதைக்கானவை. இருபக்கச் சக்கரமும் மின்சாரத்தால் இணைந்திருப்பதால் நம் இரட்டைத் தண்டவாளத்தில் வைத்த உடனே ஷார்ட் ஆகும். அதே குடும்பத்தின் டிரிக்ஸ் பெயரில் வருபவை இரட்டைத் தண்டவாளத்துக்கானவை. அதில் எதையாவது விரும்பினாலும் அனலாக்கில் எப்படி ஓடும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்ஜின் வகையில் என் தேர்வு நான்கு அச்சு டீசல் அல்லது மின்சார இன்ஜின். பிரான்சின் பிபி 67400 மாதிரி. நடுவில் மோட்டார், அதோடு ஓட்டத்தைச் சீராக்கும் ஃபிளைவீல் இருக்க வேண்டும். மோட்டார் இரண்டு போகியையும், அதாவது அடியில் சக்கரங்கள் பொருந்திய இரண்டு சட்டங்களையும், ஓட்ட வேண்டும். எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பாயிண்ட்டுகளில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக். இரண்டு அச்சுள்ள குட்டி ஷன்டிங் இன்ஜின் அங்கே வந்தால் ஒரு பக்கச் சக்கரம் பிளாஸ்டிக்கில் ஏறி, மின்சாரம் அறுந்து நின்றுவிடும். பிள்ளை விரலால் தள்ளும், மறுபடி நிற்கும். கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று தண்டவாளத்தை வேறு மங்கலாக்குகிறது. எட்டுச் சக்கரத்தில் இரண்டு தொடர்பு விட்டாலும் மற்றவை இழுத்துக்கொண்டு போகும். கூடவே தண்டவாளம் வாங்குவதாக இருந்தால் நிக்கல் சில்வராக இருக்கட்டும். இரும்புத் தண்டவாளம் இங்கே மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடிக்கும்.

நீராவி இன்ஜின் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளும் உண்டு. வாங்குங்கள், இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியான டெண்டரின் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்கள் கொண்டுவந்த, ழுவெஃப் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இன்ஜின்கள் சில வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன. எண்ணெய் விட்டுத் துடைத்தால் ஓடுகின்றன. அவற்றோடு வந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் சில ரெசிஸ்டன்ஸ் சுருளை வைத்து வேகத்தைக் குறைக்கும் வகை. நிறைய கரன்ட் இழுக்கும் பழைய மோட்டாருக்கு அது போதும். இன்றைய மோட்டார் கொஞ்சமாகத்தான் இழுக்கிறது, அதனால் சுருளில் வோல்ட் சரியாகக் குறைவதில்லை. குமிழை அடியில் வைத்தாலும் இன்ஜின் ஓட்டம் பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் புது இன்ஜினோடு டிரான்சிஸ்டர் வகைக் கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கி வந்தால் பெரிய புண்ணியம். பிரான்சிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் கொஞ்சம் தொளதொளவென்று உட்காரும், அவ்வளவே. ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி அனுப்பினால் அது 100 வோல்ட்டுக்கானது, நேராக நம் சுவரில் செருகக் கூடாது.

சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே ஒரு இன்ஜின்தானே ஓட்ட முடியும் என்று ஒரு தம்பி போனில் கேட்டார். நம் ஸ்டேஷனை நினைத்துப் பாருங்கள். 1879-இல் போட்ட பாதை. விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் தாண்டி வந்து புதுச்சேரியோடு முடிந்துவிடுகிறது. வந்த வண்டியைத் திரும்ப அனுப்ப வேண்டுமானால் மறுமுனையில் இன்ஜின் இருக்க வேண்டும். பலகையில் நாங்கள் செய்வதும் அதைத்தான். பாதையின் முனையில் ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டி, அந்தத் துண்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம். வந்த இன்ஜின் அங்கே நிற்கும், சுவிட்சை அணைத்துவிடுவோம். மறுமுனையில் இன்னொரு இன்ஜினைக் கோத்து வண்டியை விழுப்புரத்துக்கு அனுப்புவோம். எந்தத் துண்டுக்கு எப்போது மின்சாரம் என்று பிள்ளைகள் சண்டை போட்டுத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, இன்ஜின் இரண்டு.

பழைய சாமான் சந்தையில் வாங்குபவர்கள் 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் இரண்டு துண்டு ஒயரும் கையோடு கொண்டுபோங்கள். இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்று, வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்று வையுங்கள். சக்கரம் சுற்ற வேண்டும், ஒயரை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். டீகோடர் இல்லாத எச்ஓ இன்ஜினில் இரண்டும் நடந்தால் எங்கள் பலகையில் ஓடும்.

ஏற்கெனவே டிஜிட்டல் இன்ஜின் வாங்கிவிட்டீர்களா? திருப்பிக் கொடுக்க வேண்டாம். டீகோடரில் அனலாக் ஓட்டத்தை அனுமதிக்கும் அமைப்பு சிலவற்றில் அணைக்கப்பட்டிருக்கும், விமானம் ஏறுவதற்கு முன் கடையிலேயே அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அதை மாற்றும் கருவி இங்கே பிள்ளைகள் வீட்டில் இல்லை. சாக்கெட்டில் எத்தனை பின் என்று பார்த்து, 8 பின்னோ 21 பின்னோ, அதற்குப் பொருந்தும் டம்மி பிளக் ஒன்றும் வாங்கி வாருங்கள். டீகோடரைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு டம்மியைச் செருகித் தருவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையோடு மாடிக்கு வாருங்கள்.